வானம் எதுவரை கணக்குக்குள் வரும்?

2025 மார்ச் 29-ஆம் தேதி சனி மீன ராசிக்குள் நுழைந்துவிட்டது என்றது திருக்கணிதப் பஞ்சாங்கம். இல்லை, 2026 மார்ச் 6-ஆம் தேதிதான் நுழையும் என்றது வாக்கியப் பஞ்சாங்கம். திருநள்ளாறு கோயில் வாக்கியத்தைப் பின்பற்றுவதால் அங்கே சனிப்பெயர்ச்சி விழாவும் 2026-க்குத் தள்ளிப்போனது. வானத்தில் இருப்பது ஒரே சனி. இரண்டு கணக்குகளுக்கும் இடையில் ஏறக்குறைய ஓராண்டு.

எது சரி என்ற கேள்விக்குத் தொலைநோக்கி உடனே விடை சொல்லிவிடும். அதற்கு அடியில் வேறொரு கேள்வி இருக்கிறது. கணக்கு ஏன் விலகுகிறது? விலகும் கணக்கை எப்போதும் சரிசெய்துவிட முடியுமா? அல்லது எவ்வளவு சரிசெய்தாலும் ஓரிடத்தில் நின்றுவிடுமா? ஈர்ப்பு விசையையும் பிரபஞ்சத்தையும் பற்றிய இன்றைய அறிவியலில் இது உயிரான கேள்வி. இதற்கான விடையைத் தேடியவர்களில் தமிழர்கள் உண்டு. தேடிய இடங்களில் தமிழ்நாட்டு ஊர்கள் உண்டு.

சுங்குவார்சத்திரத்திலிருந்து பார்த்தால் அவற்றில் இரண்டு இடங்கள் ஒரே நெடுஞ்சாலையின் இரு திசைகளில் இருக்கின்றன. கிழக்கே சென்னை, அங்கே நுங்கம்பாக்கத்தில் 1792-இல் எழுந்த வானாய்வுக்கூடத்தின் கல்தூண். மேற்கே காஞ்சிபுரம், வேலூர், ஆம்பூர் பக்கமெல்லாம் தாண்டி வாணியம்பாடி. அங்கிருந்து ஜவ்வாது மலையில் ஏறினால் காவலூர் வானாய்வகம். நடுவில் ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம் தொழிற்பேட்டைகள்.

இந்தத் தொழிற்பேட்டைகளில் வேலை செய்பவர்களுக்கு அளவு என்றால் என்ன என்று புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. சி.என்.சி. இயந்திரத்தில் ஒரு தண்டைக் கடையும்போது டிராயிங்கில் 25 மி.மீ. என்று மட்டும் போட்டிருக்காது. கூட்டல் கழித்தல் 0.02 என்று டாலரன்ஸும் போட்டிருக்கும். மைக்ரோமீட்டரை வைத்துப் பார்க்கிற பெண், அந்த வரம்புக்குள் இருந்தால் பாஸ் செய்வார், தாண்டினால் ரிஜெக்ட். வரம்பு இல்லாத எண் அங்கே எண்ணே அல்ல. வானத்துக் கணக்குக்கும் இதே விதிதான். ஒரே ஒரு வேறுபாடு உண்டு. தண்டில் இருக்கும் 0.02 பிழை நாளைக்கும் 0.02-தான். வானத்தில் பிழை காலத்தோடு சேர்ந்து வளர்கிறது. எப்படி வளர்கிறது என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

சோழிக் கணக்கும் கல்தூணும்

சென்னை வானாய்வுக்கூடத்தில் பணியாற்றிய ஜான் வாரன் 1825-இல் ‘கால சங்கலித’ என்ற நூலை வெளியிட்டார். புதுச்சேரியில் தான் கண்ட ஒரு பஞ்சாங்கக் கணிதரைப் பற்றி அதில் எழுதியிருக்கிறார். அந்த மனிதர் தரையில் சோழிகளை அடுக்கி, நினைவில் வைத்திருந்த வாக்கியங்களைக் கொண்டு, 1825 மே 31 இரவு நிகழ்ந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். காகிதம் இல்லை, எழுதுகோல் இல்லை. கிரகணத்தின் தொடக்கத்தில் 4 நிமிடம், நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம் என்ற அளவில்தான் பிழை இருந்தது.

அதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன் இன்னொரு ஒப்பீடு. வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்கப் புதுச்சேரிக்கு வந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ஜாந்தி, 1765 ஆகஸ்ட் 30-ஆம் தேதி கிரகணத்துக்குத் தமிழ்க் கணிதர் சொன்ன கால அளவு 41 வினாடி மட்டுமே குறைவு என்று கண்டார். ஐரோப்பாவின் புகழ்பெற்ற மேயர் அட்டவணை 68 வினாடி கூடுதலாகச் சொல்லியிருந்தது. அதே லெ ஜாந்தி 1769-இல் வெள்ளி சூரியனைக் கடக்கும் நாளுக்காகப் புதுச்சேரியில் காத்திருந்தார். கோள் சரியான நேரத்துக்கு வந்தது. மேகம் வந்து மறைத்துவிட்டது. ஒரே காலைப் பொழுதில், கணிக்க முடிந்ததும் முடியாததும் அவர் தலைக்கு மேலேயே இருந்தன.

வாக்கிய முறையின் திறமை சுழற்சிகளைக் கண்டுபிடித்ததில் இருக்கிறது. நிலா பூமிக்கு மிக அருகே வந்து, விலகி, மீண்டும் அருகே வரச் சுமார் 27.55 நாள் ஆகிறது. இப்படி ஒன்பது சுற்று முடிந்தால் ஏறக்குறைய மிகச் சரியாக 248 நாள். ஆகவே 248 நாளுக்கு 248 வாக்கியம். ஒவ்வொன்றிலும் நிலாவின் இடத்தைக் குறிக்கும் எண் எழுத்துகளாகப் பொதிந்திருக்கும். 110 சுற்றுக்கு 3031 நாள், 449 சுற்றுக்கு 12372 நாள் என்று இன்னும் துல்லியமான சுழற்சிகளும் இந்த மரபில் உண்டு. ஏன் அப்படி நகர்கிறது என்று கேட்காமலேயே எங்கே இருக்கும் என்று சொல்லிவிடும் கணிதம் இது.

இத்தகைய கணக்கில் பிழை சீராகச் சேரும். எடுத்துக்காட்டாக, ஒரு கோளின் சராசரி வேகத்தில் ஆண்டுக்கு 20 விகலை தவறு இருந்தால் ஆயிரம் ஆண்டில் அது ஐந்தரைப் பாகை ஆகிவிடும். சனி ஒரு பாகை நகரச் சுமார் ஒரு மாதம் ஆகிறது. நடுவே வக்கிர கதியில் பின்னோக்கியும் போகிறது. எனவே சில பாகை வேறுபாடு, ராசி மாறும் தேதியில் பல மாத வேறுபாடாக வெளிப்படுகிறது. பல நூற்றாண்டுகளுக்கு முன் நிர்ணயித்த அடிப்படை எண்களோடு இன்றும் கணக்கிட்டால் இப்படித்தான் ஆகும்.

இதற்கு மருந்து உண்டு: வானத்தைப் பார்த்து எண்ணைத் திருத்துவது. சென்னை வானாய்வுக்கூடத்தின் முதல் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி இதற்காகவே வாதாடினார். பஞ்சாங்கக் கணிதக் குடும்பத்தில் பிறந்தவர். 1867-இல் ரெட்டிக்குலம் விண்மீன் தொகுதியில் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டவர். 1872-இல் லண்டன் அரச வானியல் கழகத்தின் உறுப்பினர் ஆனவர். கண்ணால் காண்பதோடு ஒத்துப்போகும் பஞ்சாங்கம் வேண்டும் என்பதே அவர் கோரிக்கை. மரபை விட்டுவிட அவர் சொல்லவில்லை. அளவுகோலைத் திரும்பத் திரும்பச் சரிபார்க்கச் சொன்னார்.

சீராகச் சேரும் பிழை இப்படிப்பட்டது. அளவை இருமடங்கு துல்லியமாக்கினால் இருமடங்கு தூரம் கணிக்கலாம். உழைப்புக்கேற்ற கூலி கிடைக்கும்.

சனியும் வியாழனும் தந்த நம்பிக்கை

ஐரோப்பியரையும் சனி தொல்லைப்படுத்தியது. பழைய பதிவுகளோடு ஒப்பிட்டபோது வியாழன் மெல்ல வேகம் கூடுவதும் சனி மெல்ல வேகம் குறைவதும் தெரிந்தது. இது இப்படியே போனால் சூரியக் குடும்பம் குலைந்துவிடுமா என்ற அச்சம் எழுந்தது. 1785-இல் லாப்லாஸ் அதைத் தீர்த்தார். வியாழன் ஐந்து முறை சூரியனைச் சுற்றும் காலமும் சனி இரண்டு முறை சுற்றும் காலமும் ஏறக்குறைய சமம். அதனால் இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும் இழுப்பு ஒரே திசையில் நெடுங்காலம் சேர்ந்து, பிறகு எதிர்த்திசையில் திரும்புகிறது. அந்த ஊசலாட்டத்தின் காலம் சுமார் 900 ஆண்டு. குலைவு இல்லை, நீண்ட சுழற்சிதான்.

அந்த வெற்றியின் தெம்பில் லாப்லாஸ் 1814-இல் ஒரு கருத்தை முன்வைத்தார். ஒரு கணத்தில் உலகின் எல்லாப் பொருள்களின் இடமும் அவற்றின்மேல் இயங்கும் விசைகளும் தெரிந்த அறிவு ஒன்று இருந்தால், அதற்கு எதிர்காலமும் இறந்தகாலமும் கண்முன் விரியும் என்றார். விதி இருக்கிறது, ஆகவே கணிப்பு இருக்கிறது என்பது அதன் சாரம். நம்மில் பலர் அறிவியல் என்றால் இன்றும் இதைத்தான் நினைக்கிறோம்.

பதினைந்து மீட்டர்

அந்த நம்பிக்கையில் முதல் விரிசலைக் கண்டவர் ஆன்றி புவாங்காரே. சுவீடன் மன்னர் இரண்டாம் ஆஸ்கரின் அறுபதாம் பிறந்தநாளை ஒட்டி 1889-இல் வழங்கப்பட்ட பரிசை, மூன்று பொருள்கள் ஒன்றையொன்று ஈர்க்கும்போது என்ன ஆகும் என்ற ஆய்வுக்காக அவர் வென்றார். அச்சுக்குப் போகும் நேரத்தில் அதில் ஒரு பிழை தெரிந்தது. அதைத் திருத்தும்போதுதான் உண்மை புலப்பட்டது: விதி முழுமையாகத் தெரிந்திருந்தும், தொடக்க நிலையில் மிகச் சிறிய மாறுதல் பின்னால் முற்றிலும் வேறு பாதையைத் தரக்கூடும். பிற்காலத்தில் கேயாஸ் என்று பெயர் பெற்றது இதுதான்.

நம் சூரியக் குடும்பத்துக்கு இது எவ்வளவு பொருந்தும் என்பதை 1989-இல் பாரிஸ் வானியலாளர் ழாக் லாஸ்கர் கணினியில் கணக்கிட்டுக் காட்டினார். பூமியின் இன்றைய இடத்தில் 15 மீட்டர் பிழை இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு கோடி ஆண்டு கழித்து அந்தப் பிழை 150 மீட்டர் ஆகும். அது பொருட்டே அல்ல. ஆனால் பத்துக் கோடி ஆண்டு கழித்து அது 15 கோடி கிலோமீட்டர். பூமிக்கும் சூரியனுக்கும் இடையேயுள்ள முழுத் தூரம். அதாவது பூமி தன் பாதையில் எங்கே இருக்கும் என்பதைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரியாது.

இந்த எண்களின் பொருளை நிதானமாகப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு கோடி ஆண்டுக்கும் பிழை பத்து மடங்காகிறது. ஆகவே 15 மீட்டர் பிழையை 1.5 மீட்டராகக் குறைத்தால் கணிப்பின் ஆயுள் பத்து மடங்கு கூடாது. ஒரே ஒரு கோடி ஆண்டுதான் கூடும். 1.5 மில்லிமீட்டராகக் குறைத்தாலும் நான்கு கோடி ஆண்டுதான் கூடும். அளவு துல்லியமாக ஆக, கிடைக்கும் பலன் எறும்பு ஊர்வதுபோல ஏறுகிறது. சோழிக் கணக்கின் பிழை ஒரு வகை, இது முற்றிலும் வேறு வகை. முன்னதைத் திருத்தலாம். பின்னதைச் சற்றுத் தள்ளிப்போட மட்டுமே முடியும்.

2009-இல் லாஸ்கரும் மிக்கேல் கஸ்தினோவும் 2501 எதிர்காலங்களைக் கணக்கிட்டார்கள். ஒவ்வொன்றிலும் புதன் பாதையின் அளவை 0.38 மி.மீ. வீதம் மட்டும் மாற்றி, 500 கோடி ஆண்டு ஓடவிட்டார்கள். ஒரகடத்தில் 0.38 மி.மீ. என்றால் பெரிய ரிஜெக்ஷன். கோள்களின் தூரத்தில் அது இருக்கும் இடமே தெரியாது. ஆனாலும் ஏறக்குறைய நூற்றில் ஒரு கணக்கில் புதனின் பாதை மிகவும் நீண்டு, சூரியனோடோ வெள்ளியோடோ மோதும் அளவுக்குப் போனது. இன்னொரு முடிவு இதைவிட வியப்பானது. ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் திருத்தத்தை விட்டுவிட்டு, நியூட்டன் விதியை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் இந்த ஆபத்து நூற்றில் அறுபதாக ஏறியது. புதனின் பாதையை நூறாண்டுக்கு 43 விகலை மட்டும் திருப்பும் அந்தச் சின்னத் திருத்தம்தான் நம் கோள்களின் அமைதியைக் காக்கிறது.

இதே வகைப் பெருக்கத்தை எட்வர்ட் லோரன்ஸ் 1961-இல் வானிலைக் கணக்கில் கண்டார். 0.506127 என்ற எண்ணுக்குப் பதில் 0.506 என்று கணினிக்குக் கொடுத்தார். சிறிது தூரம் ஒன்றாகப் போன இரண்டு வானிலைகளும் பிறகு ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் பிரிந்தன. கோள்களில் கோடி ஆண்டுக் கணக்கில் நடப்பது காற்றில் சில நாளில் நடந்துவிடுகிறது. வானிலையை நாள்வாரியாகச் சொல்லும் கணிப்பின் எல்லை சுமார் இரண்டு வாரம். நுங்கம்பாக்கத்தில் பழைய வானாய்வுக்கூடம் இருந்த அதே வளாகத்தில்தான் இன்று மண்டல வானிலை ஆய்வு மையம் இயங்குகிறது. 2031 மே 21-இல் மதுரைப் பக்கம் கங்கண சூரிய கிரகணம் தெரியும் என்று இன்றே நிமிடக் கணக்கில் சொல்லலாம். அன்று மதுரையில் மேகம் இருக்குமா என்று அந்த மாதத் தொடக்கத்தில்கூட உறுதியாகச் சொல்ல முடியாது. இரண்டையும் ஆள்பவை நன்கறிந்த இயற்பியல் விதிகளே. வேறுபாடு பிழை பெருகும் வேகத்தில் இருக்கிறது.

காவலூரின் கண்கள்

கணிப்பு தவறும் இடத்தில் அறிவியல் தோற்றுவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். காவலூரில் நடந்ததைச் சொன்னால் அந்த எண்ணம் மாறக்கூடும். 1977 மார்ச் 10-ஆம் தேதி யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைக்கும் என்று முன்கூட்டியே கணித்திருந்தார்கள். காவலூரின் ஒரு மீட்டர் தொலைநோக்கி உட்பட உலகின் பல இடங்களிலிருந்து அதைக் கவனித்தார்கள். கோள் மறைப்பதற்கு முன்பே விண்மீனின் ஒளி சில தடவை மங்கி மீண்டது. கணக்கில் இல்லாத அந்த மங்கலே யுரேனஸின் வளையங்களைக் காட்டிக்கொடுத்தது. என்ன நடக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவைத்திருந்ததால்தான், நடக்கக் கூடாதது நடந்தபோது அது கண்ணில் பட்டது.

அதே காவலூரில் 1988 பிப்ரவரி 17-இல் ஆர். ராஜமோகன் ஒரு குறுங்கோளைக் கண்டுபிடித்தார். அதற்கு 4130 ராமானுஜன் என்று பெயர். குறுங்கோள்கள்தான் கேயாஸ் நம் வாழ்வைத் தொடும் இடம். 2024 டிசம்பர் 27-இல் கண்டறியப்பட்ட 2024 ஒய்ஆர்4 என்ற குறுங்கோள், 2032 டிசம்பர் 22-இல் பூமியில் மோதும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கு மேல் என்றார்கள். 2025 பிப்ரவரி 18-இல் அது 3.1 விழுக்காடாக ஏறியது. மோதக்கூடிய பட்டையில் அரபிக்கடலும் தெற்காசியாவும் இருந்தன. ஒரு வாரத்துக்குள் அந்த வாய்ப்பு இல்லை என்றே சொல்லும் அளவுக்கு இறங்கிவிட்டது.

விஞ்ஞானிகள் மாற்றி மாற்றிப் பேசுகிறார்கள் என்று அப்போது பேச்சு எழுந்தது. நடந்தது என்ன? அந்தக் கல் இருக்கக்கூடிய இடம் முதலில் மிக நீண்ட ஒரு கோடு. பூமி அந்தக் கோட்டுக்குள் ஒரு சிறு புள்ளி. புது அளவுகள் வர வரக் கோடு சுருங்குகிறது. பூமி இன்னும் கோட்டுக்குள் இருக்கும்வரை, சுருங்கும் கோட்டில் பூமியின் பங்கு கூடத்தான் செய்யும். கோடு மேலும் சுருங்கிப் பூமியை விட்டு நகர்ந்ததும் வாய்ப்பு சடாரென்று இறங்கும். ஏறியதும் இறங்கியதும் ஒரே நேர்மையான கணக்கின் இரண்டு கட்டங்கள்.

சந்திரசேகர் நின்ற வாசல்

இதுவரை பார்த்த எல்லையில் எதிர்காலம் ஒன்றே ஒன்றுதான். நமக்குத் தெரியாமல் போகிறது, அவ்வளவுதான். அடுத்த எல்லை இன்னும் ஆழமானது. அங்கே விதியே ஒரே எதிர்காலத்தைச் சொல்ல மறுக்கிறது.

அந்த வாசலுக்கு முதலில் வழி காட்டியவர் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர். 1930-இல் இங்கிலாந்துக்குப் போகும் கப்பலில், பத்தொன்பது வயதில், அவர் போட்ட கணக்கு இது: எரிந்து முடிந்த விண்மீனின் எடை ஒரு வரம்பைத் தாண்டினால் அது வெண்குறுமீனாக அமைதி அடைய முடியாது. இன்றைய மதிப்பில் அந்த வரம்பு சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கு. தாண்டினால் சுருங்கிக்கொண்டே போகும். எங்கே போய் நிற்கும்?

1955-இல் கொல்கத்தாவில் அமல்குமார் ராய்சௌதுரி, ஈர்ப்பு எப்படிப் பாதைகளை ஒன்றை நோக்கி ஒன்றாகக் குவிக்கிறது என்பதை ஒரே சமன்பாட்டில் எழுதினார். அதைக் கருவியாகக் கொண்டு 1965-இல் ரோஜர் பென்ரோஸ், போதுமான அளவு சுருங்கிக் கருந்துளையான பொருளுக்குள் ஒருமைப்புள்ளி உருவாவது தவிர்க்க முடியாதது என்று நிறுவினார். அங்கே பாதைகள் அறுந்துபோகின்றன. ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளால் அதற்கு அப்பால் ஒரு சொல்கூடச் சொல்ல முடியாது. ஒரு கொள்கை தன் எல்லையைத் தானே கணித்துச் சொன்னது அறிவியல் வரலாற்றில் பெரிய நிகழ்வு.

கருந்துளைக்கு வெளியே நிற்பவருக்கு இதனால் தொல்லை இல்லை. ஒளிகூடத் திரும்பி வர முடியாத நிகழ்வெல்லை எல்லாவற்றையும் உள்ளே பூட்டிவிடுகிறது. வெளியே கருந்துளை மிக எளிமையான பொருள். எடையும் சுழற்சியும் மின்னூட்டமும் தெரிந்தால் போதும். குலுங்கிய கருந்துளை எப்படி அதிர்ந்து அடங்கும் என்பதை 1970-இல் பெங்களூரைச் சேர்ந்த சி.வி. விஸ்வேஷ்வரா கணக்கிட்டுச் சொன்னார். 2015-இல் முதன்முதலாகப் பதிவான ஈர்ப்பலையின் கடைசிப் பகுதி அத்தகைய அடங்கலோடு ஒத்துப்போனது.

உள்ளே போனால் கதை வேறு. சுழலும் கருந்துளையின் சமன்பாட்டில் நிகழ்வெல்லைக்குள் இன்னொரு எல்லை இருக்கிறது. கணிதர் கோஷியின் பெயரால் அதைக் கோஷி எல்லை என்பார்கள். அதுவரைக்கும் இன்றைய நிலையிலிருந்து நாளைய நிலையைக் கணக்கிடலாம். அதைத் தாண்டினால், வெளியுலகம் முழுவதும் இன்று எப்படி இருக்கிறது என்று துல்லியமாகத் தெரிந்தாலும், அடுத்து என்ன நடக்கும் என்பதற்குச் சமன்பாடு பல விடைகளை அனுமதிக்கிறது. லாப்லாஸ் கற்பனை செய்த அந்த அறிவும் அங்கே வாய்மூடி நிற்க வேண்டும்.

சந்திரசேகர் எழுபது வயதைக் கடந்தபின் இந்த இடத்துக்கே திரும்பி வந்தார். 1982-இல் அவரும் ஜேம்ஸ் ஹார்ட்டிலும், மின்னூட்டம் கொண்ட கருந்துளையில் உள்ள இதே வகைக் கோஷி எல்லையைக் கடப்பவருக்கு என்ன ஆகும் என்று கணக்கிட்டார்கள். வெளியிலிருந்து உள்ளே விழும் கதிர்வீச்சின் ஆற்றல் அந்த எல்லையில் அளவின்றி ஏறுகிறது என்பது விடை. அப்படியென்றால் அந்த வாசல் திறந்திருக்கும் வாசல் அல்ல. மிகச் சிறிய குலுக்கலிலேயே அது நெருப்புச் சுவராகிறது. கணிக்க முடியாத பகுதியை இயற்கையே அடைத்துவிடுகிறது என்று பென்ரோஸ் வைத்த கருத்துக்கு இது வலுச் சேர்த்தது. ஆனால் வழக்கு முடியவில்லை. 2017-இல் மிகாலிஸ் டாஃபர்மோசும் ஜொனதன் லுக்கும், சுழலும் கருந்துளையில் அந்தச் சுவர் எதிர்பார்த்த அளவு கெட்டியானதல்ல என்று காட்டினார்கள்: காலவெளி அங்கே கிழிந்துபோகவில்லை, முரடாகிறது மட்டுமே. கணிப்பு அங்கே நின்றுவிடுகிறதா இல்லையா என்பது இன்று கணிதத் துறையிலேயே உயிரோடு இருக்கும் கேள்வி.

குவாண்டம் இயற்பியல் சேர்ந்தால் சிக்கல் வெளியேயும் வந்துவிடுகிறது. கருந்துளை மெல்லக் கதிர்வீசி ஆவியாகும் என்று கண்ட ஸ்டீபன் ஹாக்கிங், உள்ளே விழுந்தவற்றின் விவரம் அப்போது அழிந்துபோகும், ஆகவே கணிப்பே உடைகிறது என்று 1976-இல் வாதிட்டார். பின்னாளில் தன் கருத்தை மாற்றிக்கொண்டார். விவரம் எப்படி வெளியே வருகிறது என்பதற்கு எல்லோரும் ஏற்கும் விடை இன்னும் இல்லை.

ஒரே ஒரு பிரபஞ்சம்

மூன்றாவது எல்லையில் விதியும் குறையவில்லை, அளவுக்கருவியும் குறையவில்லை. தகவலே வந்து சேராது.

பிரபஞ்சத்தின் வயது சுமார் 1380 கோடி ஆண்டு. அது விரிந்துகொண்டே இருப்பதால், நாம் பார்க்கும் மிகத் தொலைவான ஒளியின் பிறப்பிடம் இன்று ஏறக்குறைய 4600 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் போய்விட்டது. அதற்கும் அப்பாலிருந்து ஒளி நம்மை இன்னும் எட்டவில்லை. 1998-இல் விரிவு வேகமெடுப்பது தெரிந்தபின் நிலைமை இன்னும் கடுமையானது. சுமார் 1600 அல்லது 1700 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் உள்ள ஒரு விண்மீன் திரளிலிருந்து இன்று புறப்படும் ஒளி, எத்தனை காலம் காத்திருந்தாலும் நம்மிடம் வராது. அங்கே இன்று நடப்பது நம் கணக்குக்கு ஒருபோதும் தரவு ஆகாது.

இன்னொரு குறையும் உண்டு. ஆய்வகத்தில் ஒரு சோதனையை ஆயிரம் முறை செய்து சராசரி எடுக்கலாம். பிரபஞ்சம் ஒன்றுதான் இருக்கிறது. அதை மறுபடி ஓட்டிப்பார்க்க முடியாது. பெருவெடிப்பின் மிச்ச ஒளியில் வானம் முழுக்கப் பரவிய பெரிய அளவு ஏற்ற இறக்கங்களுக்கு நம்மிடம் இருப்பவை கைவிரல்களால் எண்ணக்கூடிய சில எண்களே. எவ்வளவு நல்ல விண்கலத்தை அனுப்பினாலும் அந்த எண்ணிக்கை கூடாது.

இந்த வரம்புகளுக்குள்ளும் கேள்விகள் கூர்மையாகவே இருக்கின்றன. பிரபஞ்சத்தின் விரிவு வேகம், வானியலாளர்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் அலகில், 67.4, கூட்டல் கழித்தல் 0.5 என்றது பிளாங்க் விண்கலத்தின் தரவு. அருகிலுள்ள விண்மீன் வெடிப்புகளைக் கொண்டு அளந்த குழு 73.0, கூட்டல் கழித்தல் 1.0 என்றது. கூட்டல் கழித்தல் எழுதப்பட்டிருப்பதால்தான் இது தற்செயல் வேறுபாடு அல்ல, உண்மையான முரண் என்று தெரிகிறது. வரம்பு இல்லாமல் இரண்டு எண்களை மட்டும் வைத்திருந்தால் ‘கிட்டத்தட்ட ஒன்றுதான்’ என்று விட்டிருப்போம். 2025 மார்ச்சில் டெசி ஆய்வுத் திட்டம், இருண்ட ஆற்றல் காலத்தோடு மாறக்கூடும் என்ற அறிகுறிகளை வெளியிட்டது. அது உறுதியானால் பிரபஞ்சத்தின் கடைசிக் காலம் பற்றிய நம் கணிப்பே மாறும்.

ஆண்ட்ரோமெடா திரளும் நம் பால்வெளியும் சுமார் 400 கோடி ஆண்டில் மோதும் என்று 2012-இல் உறுதியாகச் சொன்னார்கள். பாடநூல்களிலும் படங்களிலும் அது இடம்பெற்றது. 2025-இல் தில் சவாலாவும் குழுவினரும், அருகிலுள்ள பிற திரள்களின் இழுப்பையும் எல்லா அளவுகளின் பிழை வரம்பையும் சேர்த்துக் கணக்கிட்டார்கள். அடுத்த ஆயிரம் கோடி ஆண்டுக்குள் இரண்டும் இணைய ஏறக்குறைய பாதிக்குப் பாதி வாய்ப்புதான் என்று வந்தது. தரவு மோசமாகவில்லை, மேம்பட்டிருக்கிறது. மேம்பட்ட தரவு நம் உறுதியைக் குறைத்தது. இதை அறிவியலின் பின்னடைவாக நான் பார்க்கவில்லை. அது வளர்ந்ததற்கான சான்றாகப் பார்க்கிறேன்.

கூட்டல் கழித்தலோடு கேட்போம்

கணிக்க முடியாது என்ற ஒரே சொற்றொடருக்குள் மூன்று வெவ்வேறு உண்மைகள் இருக்கின்றன. பிழை பெருகுவதால் தெரியாமல் போவது ஒன்று. அங்கே வாய்ப்புகளைக் கணக்கிட்டுச் சொல்லலாம். விதி பல எதிர்காலங்களை அனுமதிப்பது இன்னொன்று. அங்கே புதிய விதி வேண்டும். தகவல் வந்தே சேராதது மூன்றாவது. அங்கே அடக்கம் ஒன்றே வழி. மூன்றையும் குழப்பினால் இரண்டு தீமைகள் விளையும். எல்லாம் கணிக்கலாம் என்று பேசுபவரை நம்பி ஏமாறுவோம். எதுவுமே கணிக்க முடியாது என்று சலித்து, கேட்க வேண்டிய எச்சரிக்கையையும் கேளாமல் விடுவோம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் செம்பரம்பாக்கம் ஏரிக்குக் கீழே வாழ்ந்தவர்கள் பட்ட துன்பத்தை இந்தப் பகுதி மக்கள் அறிவார்கள். மழைக் கணிப்பும் புயல் பாதையும் ஒற்றைக் கோடாக அல்ல, விரிந்த பட்டையாக வருவதன் பொருளைப் புரிந்துகொள்வது நமக்கு உயிர் காக்கும் அறிவு.

தமிழ்நாட்டுப் பதினோராம் வகுப்பு இயற்பியலின் முதல் பாடமே அளவீட்டையும் அதில் நேரும் பிழைகளையும் பற்றியது. பல வகுப்பறைகளில் அது மதிப்பெண்ணுக்கான சூத்திரமாக வந்து போய்விடுகிறது. சுங்குவார்சத்திரத்திலும் ஒரகடத்திலும் படிக்கும் பிள்ளைகளின் வீட்டில், அந்தப் பாடத்தை நாள்தோறும் கையால் செய்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு பாகத்தை எத்தனை மைக்ரானுக்குள் அடக்க வேண்டும் என்று தெரிந்த தாய்க்கும் தந்தைக்கும், பூமியின் பாதை எத்தனை கோடி ஆண்டுவரை கணக்குக்குள் அடங்கும் என்பது அந்நியமான செய்தியாக இருக்க வேண்டியதில்லை. ரகுநாதாச்சாரியும் சந்திரசேகரும் அந்தப் பிள்ளைகளுக்குச் சிலைகளாக அல்ல, இந்தக் கேள்வியை முன்னெடுத்த மூத்தவர்களாக அறிமுகமாக வேண்டும்.

இனி எவர் எந்தக் கணிப்பைச் சொன்னாலும், அது கோளைப் பற்றியதோ மழையைப் பற்றியதோ பிரபஞ்சத்தின் முடிவைப் பற்றியதோ, மூன்று கேள்விகளைக் கேட்கப் பழகுவோம். கூட்டல் கழித்தல் எவ்வளவு? அந்தப் பிழை எவ்வளவு வேகமாக வளரும்? எது தெரிந்தால் இந்தக் கணிப்பு மாறும்? மூன்றுக்கும் விடை உள்ள கணக்கை நம்பி வீடு கட்டலாம், விண்கலம் அனுப்பலாம். விடை இல்லாத கணக்கு, அதைச் சொல்பவர் யாராக இருந்தாலும், இன்னும் முடியாத கணக்கு.